ராணி பார்க்காத கடிகாரம்

ஒரு கடிகாரம் செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு மாதமா? ஒரு வருடமா?

பாரிஸ் நகரில் ஒரே ஒரு கடிகாரத்தைச் செய்து முடிக்க 44 ஆண்டுகள் ஆயின!

1783-ம் ஆண்டில் அதற்கு உத்தரவு வந்தது. 1827-ம் ஆண்டில்தான் வேலை முடிந்தது. அதற்குள் அந்தக் கடிகாரத்துக்கு உரிய ராணியின் தலை வெட்டப்பட்டுவிட்டது. அதைச் செய்யத் தொடங்கிய கைவினைஞரும் கண்ணை மூடிவிட்டார்.

அந்த ராணி, பிரான்சு நாட்டு மகாராணி மேரி அந்துவானெத். அந்தக் கைவினைஞர், ஆபிரகாம் லூயி பிரெகே.

அரிய கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பதில் ஆசை கொண்ட செல்வர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று பிரெகே. அவர் கையால் செய்த கடிகாரம் ஒன்று கிடைத்தால், பெரும் பொருள் கொடுத்து வாங்குவார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பழைய கடிகாரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் அது விளங்கும்.

தந்தையை இழந்த சிறுவன்

பிரெகே 1747-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி பிறந்தார். பிறந்த ஊர் நெஷாத்தெல். இது இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. மலையும் ஏரியும் சூழ்ந்த ஊர்.

அவருக்குப் பதினொரு வயது இருக்கும்போது தந்தை இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது கணவர், இறந்தவருக்கு உறவினர். அவருடைய குடும்பத்துக்குக் கடிகாரத் தொழில். பாரிஸ் நகரிலும் அவர்களுக்கு வியாபாரம் இருந்தது.

தொழிலைக் கற்றுக்கொள்ளும்படி, 1762-ம் ஆண்டு சிறுவன் பிரெகேயைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது பதினைந்து. வெர்சேல்ஸ் நகரில், அரண்மனைக்கு அருகே, ஒரு கடிகாரக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

பகலெல்லாம் பட்டறையில் வேலை. மாலையில் பாரிசில் உள்ள மாசரென் கல்லூரியில் கணக்குப் பாடம். மாரி என்ற பாதிரியார் அங்கே ஆசிரியர். பையனின் கூர்மையான அறிவைக் கண்டு அவர் அன்பு காட்டினார். பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர் அவர். பிரெகேயின் பெயர் அரண்மனை வரையில் போய்ச் சேர அவரும் ஒரு காரணம்.

கை வேலையோடு கணக்கும் தெரிந்தது பிரெகேக்குப் பெரிய பலமாயிற்று. மற்றவர்கள் பழக்கத்தினால் செய்ததை, அவர் காரணம் தெரிந்து செய்தார்.

கடிகாரக் கரையில் கடை

1775-ம் ஆண்டு பிரெகேக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் செசில். அதே ஆண்டு சொந்தமாகக் கடை வைத்தார்.

பாரிஸ் நகரின் நடுவே சேன் நதி ஓடுகிறது. நதிக்கு நடுவில் ஒரு தீவு. தீவின் ஒரு கரைக்குக் கடிகாரக் கரை என்று பெயர். அங்கே உள்ள கோபுரத்தில் பழைய காலத்துப் பெரிய கடிகாரம் ஒன்று இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கரையில்தான் பிரெகேயின் கடை.

அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. அந்துவான் லூயி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இல்வாழ்க்கை நீடிக்கவில்லை. 1780-ம் ஆண்டில் செசில் இறந்துபோனார். தாயில்லாத சிறுவனும், வளர்ந்து வரும் கடையுமாக பிரெகே தனித்து நின்றார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மனம் முழுவதும் தொழிலில் திரும்பியது.

சாவி வேண்டாத கடிகாரம்

அந்தக் காலத்துக் கடிகாரம் இன்றைய கைக்கடிகாரம் போன்றது அல்ல. சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. தடித்த உருண்டையாக இருக்கும். அதற்குத் தனியாக ஒரு சிறு சாவி உண்டு. தினமும் அதைத் துளையில் விட்டுத் திருக வேண்டும். மறந்தால் கடிகாரம் நின்றுவிடும். சாவி தொலைந்துபோனால் அதைவிடத் தொல்லை.

பிரெகே 1780-ம் ஆண்டு வாக்கில் சாவியே வேண்டாத ஒரு கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சிறு எடைக்கல். பையில் வைத்துக்கொண்டு நடந்தால், அந்த எடை மேலும் கீழும் ஆடும். ஆடும்போதே சுருள் வில்லைச் சுற்றிவிடும். மனிதன் நடக்க நடக்கக் கடிகாரம் தானே ஓடும்.

இந்த யோசனை அவருக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியதுதான். ஆனால் நம்பி வாங்கும்படி திருத்தமாகச் செய்து கொடுத்தவர் பிரெகே. பிரபுக்கள் வாங்கினார்கள். மகாராணி மேரி அந்துவானெத்துக்கும் ஒன்று போயிற்று.

அடுத்தது, மணி சொல்லும் கடிகாரம். அந்த நாளில் மின்சார விளக்கு இல்லை. நடு இரவில் விழித்துக்கொண்டால் மணி பார்க்க விளக்கு ஏற்ற வேண்டும். அதற்காகவே, ஒரு பொத்தானை அழுத்தினால் மணியடித்து நேரம் சொல்லும் கடிகாரங்கள் இருந்தன. அவற்றின் உள்ளே ஒரு சிறு மணியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதனால் கடிகாரம் பருத்துப்போகும்.

1783-ம் ஆண்டில் பிரெகே அந்த மணியை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஓர் எஃகுக் கம்பியை வளையமாக வளைத்து ஓரத்தில் பொருத்தினார். சிறு சுத்தி அதைத் தட்டும். ஒலி இனிமையாக வந்தது. கடிகாரமும் மெலிந்தது. நேரத்தை அடித்துச் சொல்லும் கடிகாரங்களில் இன்றும் இந்தக் கம்பி வளையம்தான் இருக்கிறது.

கடிகாரத்தின் அழகையும் அவர் மாற்றி அமைத்தார். அதுவரை முட்களில் பூவும் கொடியுமாக வேலைப்பாடு இருக்கும். பிரெகே ஊசி போன்ற மெல்லிய முள் செய்தார். நுனிக்குச் சற்று முன்னால் பிறைபோல் ஒரு சிறு வளையம். பார்த்த மாத்திரத்தில் மணி தெரியும். இன்றும் கடிகாரத் தொழிலில் அதற்குப் பிரெகே முள் என்றே பெயர்.

ராணிக்காக ஓர் உத்தரவு

1783-ம் ஆண்டு. ராணியின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி பிரெகேயின் கடைக்கு ஓர் உத்தரவு கொடுத்தார்.

மகாராணிக்காக ஒரு கடிகாரம் வேண்டும். அந்த நாளில் கடிகாரக் கலையில் தெரிந்த அத்தனை அற்புதங்களும் அந்த ஒன்றிலேயே இருக்க வேண்டும். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் மற்ற உலோகத்துக்குப் பதில் தங்கம் போட வேண்டும். எவ்வளவு செலவானாலும் சரி. எவ்வளவு காலமானாலும் சரி.

ஒரு கைவினைஞனுக்கு இதைவிடப் பெரிய பேறு ஏது? கடையின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு 160 என்று எண் எழுதினார்கள். வேலை தொடங்கியது.

ஆனால் காலம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை.

புரட்சி வெடித்தது

1789-ம் ஆண்டு பிரான்சில் புரட்சி மூண்டது. பட்டினி கிடந்த மக்கள் பொங்கி எழுந்தார்கள். அரச குடும்பம் சிறைப்பட்டது.

1792-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். டெம்பிள் என்ற கோட்டையில் மேரி அந்துவானெத் அடைபட்டிருந்தார். அங்கிருந்து அவர் ஒன்று கேட்டார். பிரெகே செய்த சாதாரணக் கடிகாரம் ஒன்று வேண்டும் என்றார். பொத்தானை அழுத்தினால் மணி சொல்லும் எளிய கடிகாரம். அது அவருக்குக் கொடுக்கப்பட்டது.

உலகத்திலேயே உயர்ந்த கடிகாரம் ஒன்று அவருக்காகப் பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. சிறையில் அவருக்குத் துணையாக வந்ததோ, ஒரு சாதாரணக் கடிகாரம்!

பிரெகேயின் நிலையும் இரண்டுங்கெட்டதாக இருந்தது. அவர் சீர்திருத்தத்தை விரும்பியவர்தான். புரட்சிக்காரர்களின் சங்கத்திலும் சேர்ந்திருந்தார். ஆனால் அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் அரசனும் பிரபுக்களும். அது ஒன்றே தலை போகப் போதுமான குற்றமாக இருந்த காலம் அது.

அவரைக் காப்பாற்றியது ஒரு நட்பு. புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாரா, பிரெகேயின் சொந்த ஊருக்கு அருகே பிறந்தவர். இருவரும் நண்பர்கள். ஒரு முறை இருவரும் ஒரு வீட்டில் இருந்தபோது, மாராவைக் கொல்ல வெளியே கூட்டம் கூடியதாம். பிரெகே மாராவுக்குக் கிழவி வேடம் போட்டு, கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே வெளியேறினாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. பின்னர் பிரெகேயின் தலைக்கு ஆபத்து வந்தபோது, அவர் நாட்டை விட்டுப் போக மாரா அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

1793-ம் ஆண்டு ஜூலையில் மாரா கொலையுண்டார். ஆகஸ்டில் பிரெகே பாரிசை விட்டு வெளியேறினார். அக்டோபர் 16-ந்தேதி மேரி அந்துவானெத்தின் தலை கில்லட்டினில் விழுந்தது.

160-ம் எண் கடிகாரம் முடியாமல் கிடந்தது.

மீண்டும் முதலிலிருந்து

பிரெகே சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். முதலில் ஜெனீவா, பிறகு லெ லோக்ல் என்ற மலை ஊர். பெரிய பட்டறை இல்லை. பெரிய வாடிக்கைக்காரர்களும் இல்லை. உதவிக்குச் சிலரே இருந்தார்கள். சோர்ந்து உட்கார அவர் விரும்பவில்லை. மனத்தில் இருந்த புதிய யோசனைகளை எல்லாம் அந்த இரண்டு ஆண்டுகளில் சிந்தித்து வைத்தார்.

1795-ம் ஆண்டு பாரிசுக்குத் திரும்பினார். கடை சீர்குலைந்து கிடந்தது. அவருக்கு அப்போது வயது 48. அந்த வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

பழைய பிரபுக்களில் பலர் மாண்டுவிட்டார்கள். மற்றும் பலர் ஓடிவிட்டார்கள். இனி யாருக்குக் கடிகாரம் விற்பது? பிரெகே ஒரு வழி கண்டார். அதிக விலை இல்லாத, எளிய, உறுதியான கடிகாரம் ஒன்றை வகுத்தார்.

அதற்கு ஒரே ஒரு முள்! பெரிய முகப்பில் மணிக்கு மணி நடுவே சிறு கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கு ஐந்து நிமிடம். ஒரு முள்ளைப் பார்த்தே மணியும் நிமிடமும் தெரிந்துகொள்ளலாம். உறுப்புகள் குறைவு. பழுதும் குறைவு.

வாங்க விரும்புகிறவர் விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதியைக் கடிகாரம் கைக்கு வரும்போது கொடுக்கலாம். அந்த முன்பணமே பட்டறைக்கு முதலாயிற்று. சுமார் 700 கடிகாரங்கள் இப்படி விற்றன. மகாராணிக்குச் செய்த அதே கை, நடுத்தர மக்களுக்கும் செய்தது. வேலையில் குறை வைக்கவில்லை.

திருட்டுப் பெயர்

பெயர் பரவியது. கூடவே போலியும் பரவியது. யார் யாரோ செய்த மட்டமான கடிகாரங்களில் பிரெகே என்று பெயர் பொறித்து விற்றார்கள்.

இதைத் தடுக்க பிரெகே ஒரு தந்திரம் செய்தார். முகப்பில் மிகச் சிறிய எழுத்தில் தம் கையெழுத்தைக் கீறி வைத்தார். நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்.

இந்த ரகசியக் கையெழுத்தைத் தேடிக் காண்பது, பிற்காலத்தில் கடிகாரம் சேர்ப்பவர்களுக்குப் பெரிய இன்பமாயிற்று. கையில் பூதக்கண்ணாடி. சன்னல் ஓரத்து வெளிச்சம். முகப்பை மெல்லச் சாய்க்கிறார்கள். மயிரிழை போல எழுத்து மின்னுகிறது. கண்டவர் முகம் மலர்கிறது!

இன்னொரு கடிகாரம், தொட்டு மணி அறிவது. நாலு பேர் நடுவில் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அந்த நாளில் நினைத்தார்கள். இந்தக் கடிகாரத்தின் மேல்புறத்தில் ஓர் அம்பு இருக்கும். ஓரத்தில் பன்னிரண்டு மணிகளுக்கும் புடைப்புகள் இருக்கும். பைக்குள் கையை விட்டு அம்பை நகர்த்தினால், சரியான இடத்தில் நின்றுவிடும். விரலாலேயே மணி தெரியும். நெப்போலியனின் மனைவி ஜோசபினிடம் இப்படி ஒன்று இருந்தது. நீல மெருகு போட்டது. ஓரத்துப் புடைப்புகள் எல்லாம் வைரம்.

பூமியின் இழுப்பை வென்றவர்

பிரெகேயின் கண்டுபிடிப்புகளில் தலைசிறந்தது எது? 1801-ம் ஆண்டு ஜூன் 26-ந்தேதி அவர் காப்புரிமை பெற்ற தூர்பியோன்தான். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுழல் என்று பொருள் உண்டு.

கடிகாரத்தின் உள்ளே ஒரு சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் கடிகாரத்தின் இதயம். அதன் ஆட்டம் ஒரே சீராக இருந்தால் நேரம் சரியாக இருக்கும்.

ஆனால் பூமி எல்லாப் பொருளையும் கீழே இழுக்கிறது. பையில் கடிகாரம் எப்போதும் செங்குத்தாக நிற்கும். சக்கரத்தின் ஒரு பக்கம் இம்மி அளவு கனமாக இருந்தாலும், பூமியின் இழுப்பினால் ஆட்டம் மாறும். கடிகாரம் முந்தும், அல்லது பிந்தும்.

இதற்கு பிரெகே என்ன செய்தார்? அந்தச் சக்கரத்தையும் அதன் துணை உறுப்புகளையும் ஒரு சிறு கூண்டில் வைத்தார். கூண்டையே சுழல விட்டார். நிமிடத்துக்கு ஒரு சுற்று. மேலே இருந்த பக்கம் கீழே வரும். கீழே இருந்த பக்கம் மேலே போகும். ஒரு நிலையில் முந்துவது, மறு நிலையில் பிந்தும். இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும்.

சொல்வது எளிது. செய்வது மிகக் கடினம். பிரெகேயின் வாழ்நாளில் இப்படிச் சுமார் 35 கடிகாரங்களே விற்பனையாயின. இன்று உயர்ந்த கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் பலர் அந்தச் சிறு கூண்டு சுழல்வதைப் பார்ப்பதற்காகவே விலை கொடுக்கிறார்கள்.

பகைவர்களுக்கும் ஒரே கடை

நெப்போலியன் 1798-ம் ஆண்டு எகிப்துக்குப் படையெடுத்துப் போகுமுன் பிரெகேயிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினான். அவற்றில் ஒன்று, பிரயாணத்தில் எடுத்துச் செல்லும் பெட்டிக் கடிகாரம்.

அவனைப் பிற்காலத்தில் வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவும் பிரெகேயின் வாடிக்கைக்காரர். ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தரும் அப்படியே. போர்க்களத்தில் மோதிக்கொண்டவர்களுக்கு, மணி பார்க்க மட்டும் ஒரே கடை!

இவர்களை எல்லாம் மிஞ்சியவர் நெப்போலியனின் தங்கை கரோலின். நேப்பிள்ஸ் நாட்டு ராணி. கடிகாரம் என்றால் அவருக்கு உயிர். 1814-ம் ஆண்டு வரையில் 34 கடிகாரங்கள் வாங்கினார். 1810-ம் ஆண்டில் அவர் ஒரு புதுமையான உத்தரவு கொடுத்தார். வளையல்போல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக் கடிகாரம் வேண்டும் என்றார். தலைமயிரும் தங்க இழையும் சேர்த்துப் பின்னிய பட்டையில் மெல்லிய கடிகாரம் ஒன்றை பிரெகே செய்தார். 1812-ம் ஆண்டில் அது முடிந்தது. மணிக்கட்டில் அணிவதற்கென்றே செய்த முதல் கடிகாரங்களில் அதுவும் ஒன்று.

ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பிரெகே ஒரு எண் கொடுத்தார். யாருக்கு விற்றது, என்ன விலை என்று கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அந்தப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. தம்மிடம் உள்ள கடிகாரத்தின் எண்ணைக் கொண்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதை வாங்கியவர் யார் என்று ஒருவர் அறிந்துகொள்ள முடிகிறது. பழங்கடிகாரம் சேர்ப்பதில் உள்ள சுவை இதுதான். தங்கத்தை எடை போட்டு அவர்கள் விலை கொடுப்பதில்லை. அந்தக் கடிகாரம் யார் பையில் இருந்தது, எந்த நள்ளிரவில் யாருக்கு மணி சொன்னது என்று எண்ணி எண்ணி மகிழ்கிறார்கள்.

போட்டியாளருக்குப் பரிசு

இங்கிலாந்தில் ஜான் ஆர்னால்டு என்ற பெரிய கடிகாரக்காரர் இருந்தார். ஒரே தொழில். இருவரும் போட்டியாளர்கள் ஆகியிருக்கலாம். ஆனால் நண்பர்கள் ஆனார்கள். பிரெகே தம் மகனை ஆர்னால்டிடம் தொழில் கற்க அனுப்பினார். ஆர்னால்டின் மகன் பிரெகேயிடம் வந்து கற்றான்.

1799-ம் ஆண்டில் ஆர்னால்டு இறந்தார். பிரெகே அவரை மறக்கவில்லை. ஆர்னால்டு செய்த கடிகாரம் ஒன்றில், தாம் கண்டுபிடித்த சுழலும் கூண்டைப் பொருத்தினார். நண்பரின் நினைவாக அதில் சில வரிகள் பொறித்து, 1808-ம் ஆண்டு ஆர்னால்டின் மகனுக்குப் பரிசாகக் கொடுத்தார். இரண்டு மேதைகளின் கைகள் பட்ட அந்தக் கடிகாரம் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

தொழிலாளர்களிடமும் அவர் தாராளம் காட்டினார். வேலைக்காரர் கொண்டுவரும் கூலிச் சீட்டில் கடைசி எண் பூஜ்யமாக இருந்தால், அதற்கு ஒரு வால் இழுத்து ஒன்பது ஆக்கிவிடுவாராம். இப்படி அவரைப் பற்றிச் சொல்வார்கள். நல்ல கைகள் அவரிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

கடைசி நாட்கள்

முதுமையில் அவருக்கு விருதுகள் வந்தன. 1815-ம் ஆண்டு பிரெஞ்சுக் கடற்படையின் கடிகாரக்காரர் ஆனார். நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட, சரியான கடிகாரம் வேண்டும். அது தவறினால் கப்பல் பாறையில் மோதும். அத்தனை உயிர்களும் அந்தக் கடிகாரத்தை நம்பியிருந்தன. 1816-ம் ஆண்டு விஞ்ஞானக் கழகத்தில் அவர் உறுப்பினர் ஆனார். பட்டறையில் வளர்ந்தவர் அறிஞர் சபையில் அமர்ந்தார்.

வயதானபோது காது மந்தமாயிற்று. மணி ஒலிக்கு இனிமை கொடுத்தவருக்கே அந்த ஒலி சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சிடுசிடுத்ததில்லை. எப்போதும் சிரித்த முகம்.

1823-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி பிரெகே காலமானார். வயது 76. பாரிசில் பேர் லாஷேஸ் இடுகாட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது.

மகன் முடித்த வேலை

ராணியின் கடிகாரம் என்ன ஆயிற்று?

ராணி இறந்தார். உத்தரவு கொடுத்தவர் வந்து கேட்கவில்லை. மன்னராட்சி போய், குடியரசு வந்து, நெப்போலியனும் வந்து போனான். அந்தக் கடிகாரத்தை அப்படியே மூலையில் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் பிரெகே அதை விடவில்லை. நடுவில் பல ஆண்டுகள் நின்ற வேலையை மறுபடி எடுத்தார். அவர் இறந்த பிறகு மகன் அந்துவான் லூயி தொடர்ந்தார். தந்தை இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1827-ம் ஆண்டில் கடிகாரம் முடிந்தது.

அதில் 823 உறுப்புகள். தங்க உறை. முன்னும் பின்னும் பளிங்கு மூடி. உள்ளே ஓடும் சக்கரங்களை எல்லாம் பார்க்கலாம். மணி, கால்மணி, நிமிடம் எல்லாவற்றையும் அடித்துச் சொல்லும். தேதி, கிழமை, மாதம் காட்டும். லீப் ஆண்டையும் தானே கணக்கில் கொள்ளும். எவ்வளவு வெப்பம் என்று காட்டும். சாவி வேண்டாம், நடந்தால் போதும்.

தொலைந்ததும் கிடைத்ததும்

அதன் பிறகு கடிகாரம் பல கை மாறியது. 1917-ம் ஆண்டில் அதை வாங்கியவர் சர் டேவிட் சாலமன்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த பெரும் செல்வர். அந்த நாட்டில் முதன்முதலாக மோட்டார் கார் கண்காட்சி நடத்தியவர். பிரெகேயின் கடிகாரங்களைச் சேர்ப்பதே அவருக்கு ஆனந்தம். நூற்றுக்கு மேற்பட்ட கடிகாரங்களை அவர் சேர்த்தார். பிரெகேயைப் பற்றி 1921-ம் ஆண்டில் ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார்.

1925-ம் ஆண்டில் சாலமன்ஸ் இறந்தார். அவருடைய மகள் வேரா ஜெருசலேம் நகரில் ஒரு பொருட்காட்சிசாலை அமைக்கப் பொருள் உதவினார். 1974-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. தந்தை சேர்த்த கடிகாரங்கள், ராணியின் கடிகாரம் உட்பட, அங்கே மக்கள் பார்வைக்கு வந்தன.

1983-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் இரவில் திருடன் புகுந்தான். 106 பொருள்கள் களவு போயின. ராணியின் கடிகாரமும் போயிற்று. போலீசார் தேடாத இடமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் துப்புக் கிடைக்கவில்லை.

2004-ம் ஆண்டில் அந்தத் திருடன் இறந்தான். சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொன்னான். பிறகு ஒரு வழக்கறிஞர் மூலம் பொருட்காட்சிசாலைக்குச் செய்தி வந்தது. கடிகாரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது, அவற்றின் நடுவே ராணியின் கடிகாரம் இருந்தது! களவு போன 106 பொருள்களில் 96 திரும்பக் கிடைத்தன. 2007-ம் ஆண்டில் செய்தி வெளியானபோது உலகமெங்கும் கடிகாரப் பிரியர்கள் மகிழ்ந்தார்கள்.

அதன் மதிப்பு கோடிக்கணக்கான ரூபாய் என்கிறார்கள். தங்கமும் பளிங்கும் வேறு எத்தனையோ பொருள்களிலும் உண்டு. ஆனால் பார்ப்பதற்கு ராணி இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தும், ஏற்றுக்கொண்ட வேலையைக் குறைவில்லாமல் முடித்த தந்தையும் மகனும் அந்தக் கடிகாரத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் அதைப் பார்க்க இன்றும் மக்கள் ஜெருசலேமில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்கிறார்கள்.